பத்திரத்தில் எழுதும் விலையிலும் அவர் ஆண்டவரா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை சகோதரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். "கிறிஸ்து என் வாழ்க்கை முழுவதையும் ஆளுகிறார்" என்று சாட்சி நேரத்தில் நிறையக் கேட்டிருக்கிறோம். இங்கே நான் கேட்பது கொஞ்சம் குறிப்பானது. ஆலயத்துக்கு வெளியே, சபையார் யாரும் பார்க்காத இடத்தில், பணமோ பெயரோ போகும் என்று தெரிந்தும் ஒருவர் அவருக்குக் கீழ்ப்படிந்ததை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். நான் என் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

தாத்தா விட்டுப்போன மனை ஒன்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக இருந்தது. போன வருஷம் அதை விற்பதென்று முடிவானது. சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் அவருக்கு அவசரம். முதலில் வந்த பார்ட்டி 32 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். அந்தத் தெருவுக்குப் பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பின்படி பார்த்தால் 14 லட்சம்தான் வரும். பத்திரத்தில் 14 எழுதிவிட்டு மீதி 18 லட்சத்தை ரொக்கமாகக் கையில் தருவதாகச் சொன்னார். நம் ஊரில் மனை வாங்கி விற்ற யாருக்கும் இது புதிதில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்குப் போட்டால் அந்த 18 லட்சத்தை மறைப்பதில் வாங்குபவருக்கு 1,62,000 ரூபாய் மிச்சம். விற்பவருக்கும் விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரி குறையும். பத்திர எழுத்தர் கம்ப்யூட்டரில் 14 என்று அடித்தே வைத்துவிட்டார். அவருக்கு அது தினசரி வேலை.

அப்பா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "வாங்குற விலையையே எழுதுங்க தம்பி" என்றார்.

அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. சித்தப்பா அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வேப்பமரத்தடியில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது உள்ளே எங்களுக்கே கேட்டது. "அண்ணே, எல்லாரும் பண்றதுதான! ஐயர்கூட இப்படித்தான வீடு வாங்கியிருப்பாரு!" என்று சித்தப்பா கொதித்தார். அப்பா எங்கள் சபைப் போதகரான ஐயரைப் பற்றிய பேச்சுக்குள் போகவே இல்லை. ஆதியாகமம் 23-ஐ எடுத்துச் சொன்னார். சாராளை அடக்கம் பண்ண ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்கினபோது, ஏத்தின் புத்திரர் எல்லாருக்கும் முன்பாக 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். சொன்ன விலை, கொடுத்த விலை, எல்லாருக்கும் தெரிந்த விலை மூன்றும் ஒன்றுதான். "நம்ம அப்பா விட்டுட்டுப் போன மண்ணுல நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேம்பா" என்றார்.

பார்ட்டி போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வீட்டில் கஷ்டம். சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார். சித்தி அம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கே அப்பாமேல் வருத்தம் இருந்தது. உங்கள் மனசாட்சிக்காகத் தம்பி மகள் கல்யாணம் நிற்கலாமா என்று கேட்டேன். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் சித்தப்பா வீட்டுக்குப் போய், "உன் பங்குக்கு வர்ற வரியையும் நானே கட்டுறேன், கல்யாணச் செலவுக்கு இப்போதைக்கு இதை வச்சுக்கோ" என்று தன் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் சொல்ல வந்தது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். பத்திரத்தில் உண்மை விலையைச் சொல்வதோடு அப்பா நின்றிருந்தால், அது அவருடைய நேர்மைக்குத் தம்பி தலையில் பில் எழுதியதாகத்தான் முடிந்திருக்கும். தன் கீழ்ப்படிதலுக்கான விலையை அவர் தன் பையிலிருந்தே கொடுத்தார். எனக்குத் தெரிந்தவரை கிறிஸ்து ஒருவரை ஆளுகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

மனை பிறகு 30 லட்சத்துக்குத்தான் போனது. வாங்கியவர் வங்கிக் கடனில் வீடு கட்டப் போகிறவர். பத்திர விலையை வைத்துத்தான் கடன் கிடைக்கும் என்பதால் முழு விலையை எழுதுவது அவருக்கும் வசதியாகப் போயிற்று. முதல் பார்ட்டியைவிட 2 லட்சம் குறைவு. அது எங்களுக்கு நஷ்டம்தான். கர்த்தர் இரட்டிப்பாகத் திருப்பித் தந்தார் என்று சாட்சி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சித்தப்பா இப்போது பேசுகிறார், ஆனால் முன்புபோல் இல்லை.

வேலூர் சகோதரி

அக்கா, வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. நான் செவிலியர். என் முதல் வேலையில் நைட் டியூட்டியில் எனக்கு மேலே இருந்த ஒரு சீனியர் சிஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

வார்டு சார்ட்டில் காய்ச்சல், நாடித்துடிப்பு, பிபி, மூச்சு எண்ணிக்கை எல்லாம் எழுத வேண்டும். முதல் மூன்றுக்கும் மெஷின் இருக்கிறது. மூச்சை மட்டும் நாமே நின்று எண்ணியாக வேண்டும், அதுவும் முழுசாக ஒரு நிமிஷம். முப்பது நாற்பது படுக்கை உள்ள வார்டில் ராத்திரி 2 மணிக்கு இதை யார் செய்வார்கள்? பெரும்பாலும் எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார்கள். பார்த்தால் சந்தேகமும் வராது.

அந்த சிஸ்டர் எண்ணுவார். நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார், அட்டெண்டரும் தரையில் தூங்கிக்கொண்டிருப்பார். இவர் மட்டும் கட்டில் பக்கத்தில் நின்று, வாட்ச் முள்ளைப் பார்த்துக்கொண்டு, போர்வை ஏறி இறங்குவதை எண்ணுவார். அப்புறம் அடுத்த கட்டில். ஒருநாள் நான் கேட்டேன், "எதுக்கு சிஸ்டர் இவ்வளவு கஷ்டம்? கிட்டத்தட்ட எல்லாருக்கும் 18தானே வருது?" "ஆமா, 18தான் வருது. எண்ணிட்டு 18 எழுதுறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வேதவசனம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கொலோசெயர் 3:23-ஐ, எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யச் சொல்கிற அந்த வசனத்தை, இப்போது எங்கே கேட்டாலும் எனக்கு அந்தப் போர்வைதான் கண்முன் வருகிறது.

அவர் எண்ணியதால் ஓர் உயிர் பிழைத்தது என்று கதை சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் அங்கிருந்த காலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்காத அத்தனை ராத்திரிகளிலும் அவர் எண்ணினார்.

சென்னை சகோதரர்

பிரைஸ் த லார்ட். பாளையங்கோட்டை சிஸ்டர் எழுதியதைப் படித்ததும் நெதர்லாந்து இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர் நினைவுக்கு வந்தார். 1880 அக்டோபர் 20 அன்று ஆம்ஸ்டர்டாமில் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில் பேசும்போது, மனித வாழ்க்கையின் பரப்பு முழுவதிலும் கிறிஸ்து "என்னுடையது" என்று சொல்லாத ஒரு சதுர அங்குலமும் இல்லை என்றார். நாம் அதைப் பிரசங்கத்தில் மேற்கோள் காட்டுகிறோம். உங்கள் அப்பா அதை சென்ட் கணக்கில் செய்து காட்டிவிட்டார்.

எனக்கு ஒரு வேண்டுகோள். பணம், வேலை எல்லாம் வந்துவிட்டது. கல்யாண விஷயத்தைப் பற்றி யாராவது எழுதுங்கள். விசுவாசிகளான நாமே வரன் தேடும்போது, ஜெபிக்கிற பிள்ளையா என்று கேட்பதற்கு முன்னால் என்ன கேட்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

தஞ்சாவூர் சகோதரர்

எழுதுகிறேன். இது எங்கள் வீட்டில் நடந்ததுதான்.

தங்கைக்கு வரன் பார்க்கிறபோது அப்பா விளம்பரத்தில் சாதிப் பெயர் போட மறுத்துவிட்டார். தரகர் திணறிப்போனார். "ஐயா, அதைப் போடலைன்னா எதை வச்சு நான் பார்க்குறது?" என்று கேட்டார். கடைசியில் வாலிபர் முகாமில் பழக்கமான ஒரு குடும்பத்திலிருந்து வரன் வந்தது. பையன் வேறு சாதி. நம் சமூகம் கீழே வைத்திருக்கிற சாதி என்று வெளிப்படையாகவே சொல்கிறேன், அதை மறைத்தால் இந்த அனுபவத்துக்கே அர்த்தமில்லை.

பெரியப்பா வீட்டார் நாலு தலைமுறையாக ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள். "கிறிஸ்தவனா இருக்கிறது வேற, சம்பந்தம் பண்றது வேற" என்றார்கள். இந்தப் பேச்சு தஞ்சாவூர் மண்ணில் புதிதல்ல. 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்காமல் அன்றைக்கே பலர் சபையை விட்டுப் போனார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சுற்றறிக்கைக்கு எங்கள் குடும்பத்தில் பதில் வரவில்லை என்றுதான் அப்பா சொன்னார்.

ஆலயத்தில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். முதல் ஞாயிறு பெயர்களை வாசித்தபோது பின்னால் யாரோ இருமினார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், உள்ளங்கை சில்லென்று இருந்தது. அப்பா மட்டும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டுக்கு எண் தேடிக்கொண்டிருந்தார்.

வர மாட்டார்கள் என்று தெரிந்த வீடுகளுக்கும் அப்பா நேரில் போய்ப் பத்திரிகை வைத்தார். எனக்குக் கோபம். அவமானப்படுத்துகிறவர்கள் வாசலில் எதற்குப் போய் நிற்க வேண்டும்? "அவங்க வராம இருக்கிறது அவங்க இஷ்டம். கூப்பிடாம இருக்க எனக்கு அனுமதி இல்ல" என்றார். பெரியப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவருடைய கடைசி மகன் மட்டும் சாயங்காலம் தனியாக வந்து, சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

கோவை சகோதரி

நான் சுருக்கமாக. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. நாங்கள் ஆராதனைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவர் பாத்திரம் கழுவி முடித்திருப்பார். என் மாமியார் எங்களோடு இருக்க வந்த புதிதில் உபாகமம் 5:14-ஐ எடுத்து என் கணவரிடம் வாசிக்கச் சொன்னார். ஓய்வுநாளில் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று அங்கே இருக்கிறது. "நமக்கு ஓய்வுநாள், அவளுக்கு மட்டும் வேலைநாளா?" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு லீவு, சம்பளத்தில் பிடித்தம் இல்லை. ஞாயிறு பாத்திரத்தை மாமியாரும் என் கணவருமாகக் கழுவுகிறார்கள். அக்கா கிறிஸ்தவர் இல்லை. அவருக்கு நாங்கள் சுவிசேஷக் கைப்பிரதி எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லீவுக்குக் கூலியாக அவள் நம் பிரசங்கம் எதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்பது அவருடைய எண்ணம்.

நாகர்கோவில் சகோதரர்

எல்லாம் வாசித்தேன், ஸ்தோத்திரம். ஆனால் ஆலயத்துக்கு வெளியே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலயத்துக்கு உள்ளேயும் நிலைமை நன்றாக இல்லை என்பதை யாராவது எழுத வேண்டும். சபைத் தேர்தல் வந்தால் அணி பிரிகிறது, பணம் இறங்குகிறது, வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது. அந்த ஒரு மாதம் கிறிஸ்துவுக்கு லீவு கொடுத்துவிடுகிறோம். இதில் எனக்கு மனவேதனை அதிகம்.

ஒரே ஒரு நல்ல காரியம் பார்த்தேன். எங்கள் சபையில் ஒரு பெரியவர் கமிட்டிக்கு நின்றார். ஓட்டு எண்ணி முடித்து இவர் ஜெயித்ததாக அறிவித்த பிறகு, தனக்காக ஒருவர் சில வீடுகளுக்குப் புடவை கொடுத்திருக்கிறார் என்று இவருக்குத் தெரியவந்தது. இவர் கொடுக்கச் சொன்னதும் இல்லை. அடுத்த ஞாயிறே ஐயரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பதவியை விட்டு விலகினார். அவருடைய அணிக்காரர்களே அவரைத் திட்டினார்கள். இப்போது அவர் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லித் தருகிறார்.

மதுரை சகோதரி

பாளையங்கோட்டை அக்காவுக்கு ஒரு கேள்வி. நாங்களும் மாமனார் வழியில் வந்த மனையை விற்கப் போகிறோம். முழு விலை காட்டத்தான் விருப்பம், ஆனால் வரி பயமாக இருக்கிறது. அப்பா எப்படிச் சமாளித்தார்?

பாளையங்கோட்டை சகோதரி

தங்கச்சி, நாங்கள் பயந்த அளவுக்கு வரவில்லை. பரம்பரைச் சொத்து 2001-க்கு முன்பே குடும்பத்துக்கு வந்ததாக இருந்தால், 2001 ஏப்ரல் 1 அன்று அதன் சந்தை மதிப்பு என்னவோ அதை, அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகாமல், வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்க வேண்டும். அப்புறம் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை என்பதால், வாங்கிய விலையை விலைவாசி ஏற்றத்துக்கேற்பக் கூட்டிக்கொள்ளும் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம் என்று இரண்டு விதமாகவும் ஆடிட்டர் கணக்குப் போட்டுப் பார்த்து, குறைவாக வந்ததை எடுத்தார். அந்தப் பணத்தில் வீடு வாங்கினாலும் கட்டினாலும், அல்லது ஆறு மாதத்துக்குள் அதற்கென்றே உள்ள அரசு பாண்டுகளில் போட்டாலும் விலக்கு உண்டு. பாண்டில் போட்டால் ஐந்து வருஷம் எடுக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2015 ஜூன் முதல் சட்டப்படி அனுமதி இல்லை. அட்வான்ஸுக்கும் அது பொருந்தும். அதனால் டோக்கன் தொகையிலிருந்தே வங்கி வழியாக வாங்குங்கள், பிறகு யாரும் உங்களை வற்புறுத்த இடமிருக்காது. உடன்பிறந்தவர்கள் பங்கு இருக்கிறதா? இருந்தால் பார்ட்டியிடம் பேசுவதற்கு முன்னால் அவர்களிடம் பேசிவிடுங்கள். ஆடிட்டரிடம் போகும்போது தாய்ப் பத்திரம், வாரிசு சான்றிதழ், பட்டா மூன்றையும் எடுத்துப் போங்கள்.