இரோம் ஷர்மிளா அரசியல் கைதியா, இல்லையா?

பாப்பாரப்பட்டி டீச்சர்:
போன வாரம் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை சுப்பிரமணிய சிவா மணிமண்டபத்துக்குக் கூட்டிப்போனோம். 1908இல் ராஜத்துரோக வழக்கில் உள்ளே போனவர், தொழுநோயோடு வெளியே வந்தார், 1925 ஜூலை 23 அன்று இதே ஊரில் உயிர்விட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை, "பொம்பளைங்கள யாரும் இப்படிப் புடிச்சு வைக்கலையா டீச்சர்?" என்றாள். சட்டென்று வாயில் வந்த பெயர், ஆயுதப்படைச் சட்டத்தை எதிர்த்துப் பதினாறு வருஷம் உண்ணாவிரதம் இருந்த மணிப்பூரின் இரோம் ஷர்மிளா. திரும்பும்போது பஸ்ஸில் சக ஆசிரியர் பிடித்துக்கொண்டார். "அவர் ஆஸ்பத்திரியில்தானே இருந்தார், ஜெயிலில் எங்கே இருந்தார்?" தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் வரும்வரை சண்டை ஓயவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

மத்தூர் மாஜி:
டீச்சர், உங்கள் சக ஆசிரியர் சொன்னதுதான் சரி. நான் துணை ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், இரண்டு வருஷம் மணிப்பூரில் இருந்திருக்கிறேன். அந்த அம்மா மேல் போட்டது இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சி. அதிகபட்சமே ஒரு வருஷம்தான். ஒரு வாய் சோறு சாப்பிட்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். பூட்டின் சாவியை மடியிலேயே வைத்திருந்தவரைக் கைதி என்பீர்களா? சிவாவோடு சேர்த்துப் பேசாதீர்கள்.

அரூரான்:
மாஜி அண்ணா, அந்த ஒரு வருஷம் எத்தனை தடவை வந்தது என்பதையும் சொல்லுங்கள். 2000 நவம்பர் 2. இம்பால் பக்கத்தில் மாலோம் பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேரை அசாம் ரைபிள்ஸ் என்ற துணை ராணுவப் படை சுட்டுக் கொன்றது. அதில் 62 வயது அம்மா ஒருவர். வீரதீரச் செயலுக்கு விருது வாங்கிய 18 வயதுப் பையன் ஒருவன். அப்போது ஷர்மிளாவுக்கு 28. படைகளுக்குச் சுடவும் பிடிக்கவும் தனி அதிகாரம் தரும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எடுக்கும்வரை சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்தார், சில நாளில் கைது. வருஷம் முடிந்தால் விடுவிப்பார்கள். அவர் சாப்பிடமாட்டார், மறுபடி பிடிப்பார்கள். 2016 ஆகஸ்ட் வரை இதே கதை. 2014இல் இம்பால் நீதிமன்றம் விடுவித்ததே, இரண்டு மூன்று நாளில் திரும்பப் பிடித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி என்கிறீர்கள். வாசலில் காவல். பார்க்கப் போகிறவர் அரசிடம் அனுமதி வாங்கவேண்டும். மூக்கில் குழாய், அது வழியாகத்தான் ஆகாரம். ஒரு சொட்டுத் தண்ணீர் உதட்டைத் தாண்டக்கூடாது என்று காய்ந்த பஞ்சால் பல்லைத் துடைத்துக்கொள்வார். தலை சீவுவதில்லை, கண்ணாடி பார்ப்பதில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதினால் விடுகிறோம் என்று வெள்ளைக்காரன் சொன்னதற்கும், சாப்பிட்டால் விடுகிறோம் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

மத்தூர் மாஜி:
தம்பி, மாலோமில் கான்வாய் மேல் குண்டு வெடித்த பிறகுதான் அது நடந்தது. நியாயப்படுத்தவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களைச் சுட்டது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அங்கே ரோட்டில் வண்டி ஓட்டியவனுக்குத்தான் தெரியும். எங்கள் வண்டியில் முன்சீட்டில் யார் உட்காருவது என்று தினம் காலையில் சீட்டுக் குலுக்குவோம். சிகரெட் அட்டையைக் கிழித்து, ஹெல்மெட்டில் போட்டு. வெறும் லத்தியை வைத்துக்கொண்டு அந்த வேலையைப் பார்க்க முடியாது. சட்டம் வேண்டும்.

அரூரான்:
சட்டம் வேண்டாம் என்று யார் சொன்னது? கேட்பாரே இல்லாத சட்டம் எதற்கு என்பதுதான் கேள்வி. நம்ம வாச்சாத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20, சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் ஊருக்குள் புகுந்தது. 18 பெண்களைச் சீரழித்தார்கள். அதோடு விடாமல் ஊர்ப் பெண்களையே சேலம் சிறையில் போட்டார்கள். அந்தப் பெண்களும் 'மரம் கடத்தியவர்கள்' என்ற கணக்கில்தான் உள்ளே இருந்தார்கள், அரசியல் கைதி என்று அவர்களையும் யாரும் எழுதி வைக்கவில்லை. 19 வருஷம் இழுத்து, 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. மணிப்பூரின் அந்த ஆயுதப்படைச் சட்டம் இங்கே இருந்திருந்தால் வழக்குப் போடவே டெல்லியின் முன் அனுமதி வேண்டும். வாச்சாத்தி கோர்ட் வாசலைக்கூடத் தொட்டிருக்காது.

மத்தூர் மாஜி:
சாதாரணச் சட்டத்திலும், அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 197ஆம் பிரிவில், அரசு ஊழியர் மேல் வழக்குப் போட முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது தம்பி. அதையும் படியுங்கள்.

அரூரான்:
படித்தேன். உச்ச நீதிமன்றம் போட்ட சந்தோஷ் ஹெக்டே குழு 2013இல் மணிப்பூரில் ஆறு என்கவுண்டர் வழக்குகளை எடுத்துப் பார்த்தது. ஆறில் ஒன்றுகூட உண்மையான மோதல் இல்லை என்றது. அதையும் நீங்கள் படியுங்கள்.

மாங்காய் மண்டி:
இரண்டு பேரும் சட்டப் புத்தகத்தை மூடுங்கள். பதினாறு வருஷம் பட்டினி, அப்புறம் 2017 தேர்தலில் தௌபால் தொகுதியில் முதலமைச்சரை எதிர்த்து நின்று வாங்கியது 90 ஓட்டு. நம்ம ஊரில் வார்டுக்கு நின்று டெபாசிட் போனவனே அதைவிட அதிகம் வாங்குவான். சொந்த ஜனமே கைவிட்டதை நாம் ஏன் தூக்கிச் சுமக்கிறோம்? உண்ணாவிரதத்தை முடித்தார், வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்தார். சட்டம் போச்சா? இல்லை.

பர்கூர் மருமகள்:
மாங்காய் மண்டி அண்ணா, அந்த 90 ஓட்டு ஏன் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். எங்கள் மாமியார் ஊரில் பாரதக் கூத்து நடக்கும். படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் ஆளுயரத்துக்குப் பல மடங்காகப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் தொடையில் அடி விழுந்து, சிவப்பை எடுத்துத் தடவி, பூ வைத்துத்தான் திரௌபதி கூந்தல் முடிவாள். அதுவரை விரித்த தலைதான். போன வருஷம் வேஷம் கட்டியவருக்கு அன்று காய்ச்சல், விடியற்காலையில் கொஞ்சம் உட்காரப் போனார். கூட்டத்தில் இருந்து, "எழுந்து ஆடும்மா" என்று ஒரு சத்தம்.

ஷர்மிளாவுக்கும் அதே சத்தம்தான். துரியோதனன் நின்றுகொண்டிருக்கும்போதே தலையை முடிந்துவிட்டாள் என்று கோபம். 2016 ஆகஸ்ட் 9, உண்ணாவிரதத்தை முடிக்க உள்ளங்கையில் ஊற்றிய தேனை நக்கி அழுதார், வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அன்று ராத்திரி தங்கப் போன இடத்தில் அக்கம்பக்கத்தார் விடவில்லை. எங்கே போனார் தெரியுமா? பதினாறு வருஷம் அடைத்து வைத்திருந்தார்களே, அதே ஆஸ்பத்திரிக்கு. மறு வருஷம் கொடைக்கானலில் கல்யாணம் பதியப் போனால், இவர் இங்கே இருந்தால் அமைதி கெடும் என்று அங்கேயும் ஆட்சேபம் வந்தது. அது நம்ம தமிழ்நாடுதான், மணிப்பூர் இல்லை. தான் சாகாமல் இருந்ததற்காக ஒரு பெண்ணைக் கோபிக்கிற ஆட்கள் நாம்.

மாங்காய் மண்டி:
கூத்தோடு சேர்த்து நல்லா எழுதுறீங்க மேடம். ஆனால் ஓட்டு ஓட்டுதான்.

மத்தூர் மாஜி:
மருமகள் சொன்ன ராத்திரி விஷயம் எனக்குத் தெரியாது. சரி, கைதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். அரசியல் கைதி என்பதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பாப்பாரப்பட்டி டீச்சர்:
அந்தப் பிள்ளைக்குத் தேன் வரைக்கும் சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறார் என்றாள். கல்யாணத்துக்கு அப்புறம் பெங்களூருவுக்குப் போனார், 2019இல் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன, ஒன்றுக்குத் தன் அம்மாவின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார் என்றேன். "ஓசூர் தாண்டினா வந்துருமே டீச்சர்" என்கிறாள். அடுத்த டூர் அங்கேதானாம்!

மத்தூர் மாஜி:
கூட்டிப்போங்கள். போகிற வழியில் அந்தப் பிள்ளையிடம் நாங்கள் சீட்டுக் குலுக்கியதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் டீச்சர்.