பேட்டில்ஸ்டார் கேலக்டிகா முடிவு: முன்பே விதைத்த பதிலா, கடைசி நேரத் தப்பித்தலா?

விண்மீன்_வாசகன்

எச்சரிக்கை: கடைசிக் காட்சி வரை எல்லாம் பேசப்போகிறோம். இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2003 டிசம்பர் மினி சீரிஸில் ஆரம்பித்து 2009 மார்ச் 20 அன்று ‘டேபிரேக்’ எபிசோடுடன் முடிந்த புதிய ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ பற்றித்தான் கேள்வி. மனிதர் உருவாக்கிய சைலான் என்ற இயந்திர இனம் பன்னிரண்டு காலனிகளையும் அழித்தபின், பிழைத்தவர்கள் கப்பல்களில் பூமியைத் தேடிப் போகும் விண்வெளித் தொடர் அது. மனித உருவ சைலான்கள் எண்ணிட்ட ‘மாடல்’களாக வருவார்கள். சண்டைக் காட்சிகள், அதிபர் ரோஸ்லின் மரணம், அட்மிரல் அடாமா குன்றின் மேல் தனியே உட்கார்ந்திருப்பது, இவற்றில் எனக்குக் குறையே இல்லை. மூன்று இடங்களில்தான் இடறுகிறது.

போர் விமானி காரா த்ரேஸ் செத்துத் திரும்பி வந்தவள். கடைசியில் அடாமாவின் மகன் லீ திரும்பிப் பார்ப்பதற்குள் புல்வெளியில் காணாமல் போகிறாள். அவள் யார், எப்படி வந்தாள் என்று யாரும் சொல்லவில்லை.

உயிர் பிழைத்த ஏறத்தாழ 38 ஆயிரம் பேர் மொத்தக் கப்பல்களையும் சூரியனுக்குள் அனுப்பிவிட்டுக் கைத்தடியோடு காட்டுக்குள் போகச் சம்மதிக்கிறார்கள். ஒரு மருத்துவமனைக் கப்பலையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாட அங்கே ஒருவர்கூட இல்லையா?

150,000 ஆண்டுகள் கழித்து, மனித-சைலான் கலப்புக் குழந்தை ஹெராதான் ‘மைட்டோகாண்ட்ரியல் ஏவாள்’ என்கிறார்கள். இது அறிவியல்படி சரியா?

‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்பதோடு நிறுத்தாமல் எபிசோடு பெயரோடு விளக்கினால் நல்லது.

ஆறாம்_மாடல்

முதலில் ‘கடவுள் செய்தார் என்று கடைசியில் ஒட்டவைத்துவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்கூடத் தன் வலைப்பதிவில் இதைக் கடுமையாகச் சொன்னார். விஞ்ஞானி பால்டாரின் தலைக்குள் தெரியும் சிக்ஸ் (ஆறாம் மாடல் சைலான் பெண்ணின் உருவம்) விஷயத்தில் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. இரண்டாம் சீசன் ‘ஹோம்’ இரண்டாம் பாகத்தை எடுத்துப் பாருங்கள். தன் மூளையில் சைலான்கள் சில்லு ஏதோ பதித்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் பால்டார் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறான். டாக்டர் காட்டில் எடுக்கிறார். ஒன்றும் இல்லை. அப்படியானால் நீ யார் என்று கேட்கும்போது, நான் கடவுளின் தேவதை என்று அவளே சொல்கிறாள். அது ஒளிபரப்பான ஆண்டு 2005. முடிவுக்கு மூன்றரை ஆண்டு முன்பே பதிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாம்தான் அதை அவளுடைய இன்னொரு பொய் என்று தள்ளிவிட்டோம்.

அதற்கும் முன்னால், முதல் சீசனின் ‘தி ஹேண்ட் ஆஃப் காட்’ எபிசோடில் டைலியம் என்ற எரிபொருளின் சுத்திகரிப்பு ஆலைப் படத்தில் எங்கே குண்டு போடுவது என்று தெரியாமல் பால்டார் குத்துமதிப்பாக விரலை வைக்கிறான். அது சரியான இடமாக அமைகிறது. முதல் சீசன் முடிவில் கோபோல் கிரகத்தில் ஆப்பரா அரங்கத் தரிசனம். இரண்டாம் சீசனின் ‘டவுன்லோடட்’ எபிசோடில் கேப்ரிகா சிக்ஸ் என்ற நிஜ ஆறாம் மாடலின் தலைக்குள் ஒரு பால்டார். கடைசி எபிசோடில் தலைக்குள் தெரிந்த அந்த இரண்டு பேரையும் பால்டாரும் கேப்ரிகா சிக்ஸும் ஒரே நேரத்தில் பார்க்கும் காட்சி இந்தக் கணக்கை நேர்மையாக முடித்து வைக்கிறது.

காரா விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் காரணம் ‘விளக்கம் இல்லை’ என்பது அல்ல. அவளைச் சுற்றித் தொடர் கட்டியது ஒரு துப்பறியும் விசாரணை. ‘மெயில்ஸ்ட்ராம்’ எபிசோடில் அவளுடைய வைப்பர் போர் விமானம் வெடிக்கிறது. மூன்றாம் சீசனின் கடைசி நிமிடங்களில் திரும்பி வருகிறாள். நான்காம் சீசனின் முதல் எபிசோடில் தலைமை மெக்கானிக் டைரல் அவளுடைய வைப்பரைச் சோதித்து, ஒரு கீறல்கூட இல்லாத புத்தம் புதிய வண்டி, வழிகாட்டிக் கணினியில் பறந்த பதிவு எதுவும் இல்லை என்கிறான். ‘சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்’ எபிசோடில் அவளே தன் கருகிய உடலைக் கண்டெடுத்து எரிக்கிறாள். கடைசிக்கு முந்தின கட்டத்தில் பால்டார் அவளுடைய அடையாளத் தகட்டில் இருந்த ரத்தத்தைப் பரிசோதித்து, இது செத்த உடம்பின் ரத்தம், இவளுடையதேதான் என்று எல்லார் முன்னாலும் அறிவிக்கிறான். வண்டிச் சோதனை, சடலம், டிஎன்ஏ. தடயம் தடயமாகக் கொடுத்தால் பார்ப்பவன் தடயத்துக்கு ஏற்ற பதிலைத்தான் எதிர்பார்ப்பான். அதற்குப் பதில் நம்பிக்கையின் மொழியில் வந்ததுதான் உறுத்தல். சிக்ஸ் விஷயத்தில் கேள்வியும் பதிலும் ஒரே மொழியில் இருந்தன. காரா விஷயத்தில் கேள்வி ஆய்வகத்தில், பதில் கோயிலில்.

ஒன்றை மட்டும் ஒழுங்காக முடித்தார்கள். ‘ரேஸர்’ படத்தில் ஹைப்ரிட் (பாதி உயிர், பாதி இயந்திரமான சைலான் படைப்பு) சொன்ன தீர்க்கதரிசனம்: காரா மனித இனத்தை அதன் முடிவுக்கு அழைத்துச் செல்வாள். பூமிக்கு வந்தபின் பன்னிரண்டு காலனிகளின் மனித இனம் என்று தனியாக ஒன்று மிஞ்சவில்லை, இங்கிருந்தவர்களோடு கலந்துவிட்டது. வாக்கு அட்சரம் பிசகாமல் பலித்தது.

செல்லுக்குள்_செல்

மூன்றாவது கேள்வி என் பக்கம்.

மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு. அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு; அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. தாய், தாயின் தாய் என்று இந்தக் கோட்டிலேயே பின்னால் போனால் இன்று உயிரோடு உள்ள எல்லா மனிதர்களின் கோடுகளும் ஒரு பெண்ணிடம் கூடும். அவளுக்குத்தான் இந்தப் பெயர். 1987-இல் கேன், ஸ்டோன்கிங், வில்சன் ஆகிய மூவரும் 147 பேரின் மாதிரிகளை வைத்து, அவள் சுமார் 200,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்திருக்கலாம் என்று கணித்தார்கள். தொடர் சொல்லும் 150,000 ஆண்டு இந்த வட்டாரத்துக்குள்தான் வருகிறது. காலக் கணக்கில் பெரிய தப்பு இல்லை.

தப்பு வேறு இடங்களில். நியூயார்க் தெருவில் படிக்கப்படும் கட்டுரை, தான்சானியாவில் ஒரு இளம்பெண்ணின் எலும்பு கிடைத்தது, அவளே அந்த ஏவாளாக இருக்கலாம் என்கிறது. எந்த எலும்பையும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அவள் கணக்கில் வருபவள். உயிரோடு இருப்பவர்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டு ஊகிக்கப்படுபவள். மண்ணில் கிடைக்கும் எலும்பு, தனக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள் என்று சொல்லாது.

அடுத்து, இன்றைய எல்லா மனிதருக்கும் மிக அண்மைய பொது மூதாதை என்று அவளைச் சொல்வது. தாய்வழிக் கோட்டில் மட்டும்தான் அது பொருந்தும். அப்பா, அம்மா இரண்டு வழியையும் சேர்த்துப் பார்த்தால் நம் எல்லாருக்கும் பொதுவான மூதாதையர் மிகவும் பிந்தைய காலத்தில், சில ஆயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே இருந்திருக்கலாம் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. ஏவாள் காலத்தில் வேறு பெண்கள் ஏராளம் பேர் இருந்தார்கள், அவர்களுடைய மரபணுக்களும் மகன்கள் வழியாக நம்மிடம் இருக்கின்றன.

பெரிய ஓட்டை இதுதான்: மனித மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ, நியாண்டர்தால், சிம்பன்சி ஆகியவற்றோடு ஒரே மரத்தில் கிளையாகப் பொருந்துகிறது. வேறு கிரகத்திலிருந்து வந்த பெண்ணின் கோடு நம் எல்லாரிடமும் இருந்தால் அது இப்படிப் பொருந்த வழியில்லை. இரண்டு கிரகங்களில் ஒரே மனித டிஎன்ஏ உருவாவதையே தெய்வச் செயல் என்று பால்டார் வாயால் சொல்ல வைத்துத் தொடர் நகர்ந்துவிடுகிறது.

ஆனால் கதைக்குள் நின்று பார்த்தால், எழுதியவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, அருமையான விளைவு ஒன்று இருக்கிறது. ஹெராவின் தாய் ஏதினா, சைலான். தந்தை ஹீலோ, மனிதன். தந்தையின் மைட்டோகாண்ட்ரியா பிள்ளைக்கு வராது. ஆகவே ஹெராவிடம் இருப்பது முழுக்க சைலான் மைட்டோகாண்ட்ரியா. தொடரின் கணக்குப்படி நம் ஒவ்வொருவர் செல்லிலும் ஆற்றல் தயாரிப்பது எட்டாம் மாடல் கொடுத்த உறுப்பு. ‘நாம் பாதி சைலான்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட இது எவ்வளவு கூர்மை! கூடவே, தாய்வழியில் மிக அண்மையவள் என்ற பட்டம் ஹெராவுக்குக் கிடைக்க வேண்டுமானால் அவளுக்குக் குறைந்தது இரண்டு மகள்கள் இருந்து, இரண்டு வழியும் இன்றுவரை அறுபடாமல் வந்திருக்க வேண்டும். ஒரே மகள் என்றால் பட்டம் அந்த மகளுக்குப் போய்விடும்.

டைலியம்_கிடங்கு

கப்பல்களைச் சூரியனுக்கு அனுப்பியது பற்றி. லீ சொல்லும் காரணம் (அறிவியல் முன்னால் ஓடுகிறது, ஆன்மா பின்தங்குகிறது) 38 ஆயிரம் பேரைச் சம்மதிக்க வைக்கப் போதாது. இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அதைவிட வலுவான காரணம் தொடருக்குள்ளேயே இருக்கிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை.

மனிதர்கள் இடையில் குடியேறிய நியூ கேப்ரிகா கிரகத்தை சைலான்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யோசியுங்கள். கிளவுட் நைன் கப்பலில் ஜினா என்ற சைலான் வெடித்த அணுகுண்டு. அந்த வெடிப்பின் கதிர்வீச்சு ஓர் ஒளியாண்டு பயணம் செய்து ஓராண்டு கழித்து சைலான்களின் கருவியில் பட்டது. அதுதான் ஆக்கிரமிப்புக்கு வழி காட்டியது. நெபுலாவுக்குள் ஒளிந்தும் பயனில்லை. அணு உலை, டைலியம் எரிப்பு, ரேடியோ அலை, இவை எல்லாமே தொலைவிலிருந்து தெரியும் அடையாளங்கள். ‘காலனி’ என்ற சைலான் தளத்தை அழித்தாலும் சைலான் தலைவன் கேவில் தரப்பின் எல்லா பேஸ்ஸ்டார் போர்க்கப்பல்களும் அங்கேதான் இருந்தன என்று யாருக்கும் உறுதி இல்லை. விடுதலை செய்து அனுப்பிய சென்சூரியன் என்ற ரோபோ வீரர்களும் ஒருநாள் திரும்பலாம். அந்த நிலையில் சுற்றுப்பாதையில் கப்பல்களை நிறுத்தி வைப்பது வீட்டு வாசலில் விளக்கேற்றி வைப்பதற்குச் சமம். லீ பேசும் இடத்தில் அட்மிரல் வாயிலிருந்து இப்படி ஒரு வரி வந்திருந்தால் பாதி ரசிகர்களின் கோபம் அடங்கியிருக்கும்.

அதே சமயம் இந்தக் காரணம் கப்பல்களுக்குத்தான். மருந்து, கருவி, எழுத்து, விவசாயம்? தன் தந்தையிடம் கற்ற விவசாயம் தெரியும் என்று பால்டார் கண்கலங்கிச் சொல்கிறான், அழகான காட்சி. ஆனால் நம் உலகில் விவசாயம் தொடங்கி ஏறக்குறைய 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியானால் அவர்கள் கொண்டுவந்த அறிவு முழுவதும் அழிந்து, 138,000 ஆண்டு இடைவெளி விழுந்திருக்கிறது. சின்னச் சின்னக் கூட்டங்களாகக் கண்டம் கண்டமாகப் பிரித்து விட்டதன் நேரடி விளைவு அது. ஓர் இடத்தில் சில நூறு பேர் மட்டும் என்றால் மருத்துவர் இறந்ததும் மருத்துவம் போய்விடும், கொல்லர் இறந்ததும் இரும்பு போய்விடும். ஒரே இடத்தில் குடியேறியிருந்தால் பல தலைமுறை தாக்குப்பிடித்திருப்பார்கள். எனவே என் புகார் கப்பலை விட்டதில் இல்லை, மக்களைச் சிதறடித்ததில்.

விண்மீன்_வாசகன்

அணுகுண்டுக் கதிர்வீச்சை நான் இதோடு இணைத்தே பார்க்கவில்லை. நன்றி. இன்னொன்று: ஏழாம் மாடல் டேனியல்தான் காராவின் தந்தை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையானால் அவள் உயிர்த்தெழுந்ததற்கு ஓர் அறிவியல் விளக்கம் கிடைத்துவிடுமே?

எடிட்டிங்_மேசை

கிடைக்கும். ஆனால் அது எழுதியவர்களின் எண்ணம் இல்லை. தொடரை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர் இதைத் தெளிவாகவே மறுத்துவிட்டார். டேனியல் பிறந்த கதை எண் சிக்கல். அறிமுகமான மாடல்கள் ஒன்று முதல் ஆறு வரை, பிறகு எட்டு: மொத்தம் ஏழு. ‘கடைசி ஐவர்’ என்று பின்னால் வெளிப்படும் ஐந்து சைலான்களுக்கு எண்ணே கிடையாது. அப்படியென்றால் ஏழாம் எண் எங்கே? ஷாரோனை (ஏதினாவின் மாடல்) எட்டு என்று முன்பே சொல்லிவிட்டதால் வந்த பள்ளம். அதை ‘நோ எக்ஸிட்’ எபிசோடில் கடைசி ஐவரில் ஒருத்தியான எல்லன் வாயிலாக நிரப்பினார்கள்: டேனியல் ஒரு கலைஞன், பொறாமையில் கேவில் அந்த வரிசையையே கெடுத்துவிட்டான். இரண்டே வாரம் கழித்து ‘சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ’ எபிசோடில் காராவின் தந்தை பியானோ வாசிக்கிறார். கலைஞன், பியானோ, இரண்டையும் ரசிகர்கள் கூட்டிவிட்டார்கள். கூட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த ஒட்டுவேலை அங்கங்கே தெரியும். கடைசி ஐவர் யார் என்பது மூன்றாம் சீசனின் போதுதான் முடிவானது. டைரலை சைலான் ஆக்கியதும் அவன் மகன் நிக்கலஸும் கலப்புப் பிள்ளை ஆகிவிட்டான், ஹெராவின் தனித்தன்மை போயிற்று. அதைச் சரிசெய்யத்தான் ‘எ டிஸ்குவையட் ஃபாலோஸ் மை சோல்’ எபிசோடில் உண்மையான தந்தை விமானி ஹாட் டாக் என்று மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் டைரலின் செத்துப்போன மனைவி கேலியின் பாத்திரம் அநியாயமாகக் கறைபட்டது. எனக்கு முடிவைவிட இதுதான் பெரிய குறை. டைட்டிலில் ஓடும் ‘அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது’ என்ற வரியும் பார்ப்பவரை ஈர்க்கச் சேர்த்தது. முழுத் திட்டம் எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை.

கடைசி எபிசோடை எழுதும்போது கதைச் சிக்கலில் மாட்டிக்கொண்ட மூர், முக்கியம் கதாபாத்திரங்கள்தான் என்று பலகையில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்கினார் என்பது பிரபலமான செய்தி. அதனால்தான் காலனிகள் அழிவதற்கு முந்தைய நாட்களின் காட்சிகள், ரோஸ்லினின் நீரூற்று, லீ வீட்டுக்குள் வந்த புறா எல்லாம் இடையிடையே வருகின்றன. மனிதர்களுக்கு முடிவு எழுதினார்கள், புதிர்களுக்கு எழுதவில்லை. முடிவைக் கொண்டாடுபவரும் திட்டுபவரும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிரிகிறார்கள்.

ஒரு நல்ல திட்டமிடலையும் சொல்ல வேண்டும். கேலக்டிகா கப்பலின் முதுகெலும்பு முறிவது திடீர் விஷயமே அல்ல. நியூ கேப்ரிகா வளிமண்டலத்துக்குள் குதித்தது, பிறகு டைரல் கண்டுபிடிக்கும் விரிசல்கள், சைலான் பிசின் பூசியும் ஆறாத உலோகம் என்று படிப்படியாக வந்தது. அதே கவனம் காராவுக்கும் கிடைத்திருக்கலாம்.

வரிசை_முக்கியம்

மறுபடி பார்க்கப்போகிறவர்களுக்கு. ‘ரேஸர்’ படத்தின் கதை இரண்டாம் சீசன் காலத்தில் நடந்தாலும் மூன்றாம் சீசன் முடித்தபின் பாருங்கள். இல்லையென்றால் காரா பற்றிய தீர்க்கதரிசனம் முன்கூட்டியே வந்துவிடும். ‘தி ஃபேஸ் ஆஃப் தி எனிமி’ என்ற பத்துக் குறும்பகுதிகளை ‘சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்’ எபிசோடுக்கு அடுத்து வையுங்கள். கேலக்டிகா அதிகாரி கேட்டா ஏன் கலகத்தில் இறங்குகிறான் என்பது அதில்தான் இருக்கிறது, அதை விட்டால் அவன் திடீரென்று மாறியதுபோல் தோன்றும். ‘தி பிளான்’ படம் எல்லாவற்றுக்கும் பிறகு. ‘டேபிரேக்’ எபிசோடுக்கு டிஸ்க் பதிப்பில் நீட்டிக்கப்பட்ட வடிவம் உண்டு, ஒளிபரப்பு வடிவத்தைவிட நீளம் அதிகம். பூமிக்கு வந்தபின் அவசரமாக முடிக்கிறார்கள் என்று தோன்றியவர்கள் அதை ஒரே அமர்வில் பாருங்கள்.