சைக்கோடைனமிக் சிகிச்சை எனக்குப் பொருந்துமா? டர்பன் அன்பர்களின் ஆலோசனை வேண்டும்

சாட்ஸ்வர்த் வாசகி:
வணக்கம். சாட்ஸ்வர்த்தில் பெற்றோருடன் வசித்துக்கொண்டு, டர்பன் நகரில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். வெளிப்பார்வைக்கு எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தோழமையானாலும் திருமணப் பேச்சானாலும், ஒருவர் சற்று நெருங்கி வந்தவுடன் ஏதோ ஒரு சிறு சொல்லைச் சாக்காக வைத்துப் பேச்சை நிறுத்திவிடுகிறேன், அதன்பின் மனம் மரத்துப்போகிறது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி சிகிச்சையை முன்பு எடுத்துக்கொண்டேன்; அதில், எண்ணங்களைக் குறித்துவைக்கும் பழக்கம் என் பதற்றத்தை நன்றாகவே குறைத்தது. இந்த விலகும் குணம் மட்டும் அசையவில்லை. பழைய உறவுகளும் ஆழ்மன உணர்ச்சிகளும் இன்றைய நடத்தையை எப்படி இயக்குகின்றன என்று பேசி ஆராயும் சைக்கோடைனமிக் சிகிச்சை இதற்கு உதவுமா? அது பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் போய் முடியுமோ என்றும் அஞ்சுகிறேன்.

பீனிக்ஸ்வாசி:
தங்கைக்கு வணக்கம். இச்சிகிச்சையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அந்த அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். வாரந்தோறும் அதே நாள், அதே நேரம், ஐம்பது நிமிடம். வீட்டுப்பாடம் கிடையாது, மனத்தில் தோன்றுவதை வரிசை பாராமல் சொல்ல வேண்டும். டிசம்பரில் விடுமுறையில் செல்லப்போவதாகச் சிகிச்சையாளர் ஒருமுறை சொன்னார். அடுத்த வாரம் தாமதமாகச் சென்றேன். அதற்கடுத்த வாரம் சாலை நெரிசல் என்று செய்தி அனுப்பிவிட்டுப் போகவே இல்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை, "நான் போவதற்குள் நீங்கள் போய்விடப் பார்க்கிறீர்களோ?" என்று மட்டும் கேட்டார். வேலைக்காக ஜோகன்னஸ்பர்க்கில் தங்கியிருந்த என் தந்தை, வீட்டுக்கு வந்துவிட்டு மீண்டும் அங்கே திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் கிளம்புமுன் நான் மைதானத்துக்கு ஓடிவிடுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய உறவின் உணர்ச்சிகள் சிகிச்சையாளர்மேல் வந்து படிவதை உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு காலத்திலிருந்து டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். அது நிகழும்போதே இருவரும் சேர்ந்து கவனிப்பதுதான் இச்சிகிச்சையின் உயிர்நாடி. தந்தைமேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அதைச் சொல்லித் தீர்த்த பிறகுதான் அவரோடு இயல்பாகப் பேச முடிந்தது.

உளவியல் பணியாளர்:
சகோதரி, சிபிடி பலனளிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். பதற்றத்துக்கு அது தன் வேலையைச் செய்திருக்கிறது. உறவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரே பாங்குக்குச் சைக்கோடைனமிக் முறை பொருத்தமானது என்பது என் கருத்து. சிகிச்சை முடிந்த பின்னும் அதன் பலன் வளர்வதாக அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஷெட்லர் 2010-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை காட்டியது. அதை மறுத்தவர்களும் உண்டு.

நம் தென்னாப்பிரிக்காவில் உளவியலாளர் எவரும், சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.பி.சி.எஸ்.ஏ. மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதன் பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். ஆனால் மருத்துவ உளவியலாளர், ஆலோசனை உளவியலாளர் என்ற வகைகள் அதில் இருக்குமே தவிர, சைக்கோடைனமிக் என்று தனி வகை இராது. ஆகவே இம்முறையில் எங்கே பயின்றார், மூத்தவரிடம் மேற்பார்வை பெறுகிறாரா என்று முதல் சந்திப்பிலேயே தயங்காமல் கேளுங்கள். பெரும் மனச்சோர்வு என்று கண்டறியப்பட்டால், மருத்துவச் செலவை ஏற்கும் மெடிக்கல் எய்ட் திட்டங்கள் கட்டாயமாக ஏற்க வேண்டிய பயன்களில் வெளிநோயாளருக்கு 15 அமர்வுகள் வரை அடங்கும். தன் வளர்ச்சிக்காக மட்டும் செல்பவருக்கு அந்த உரிமை கிடையாது. கைப்பணமோ, திட்டத்தில் உள்ள சேமிப்போதான் வழி. தொடக்க மாதங்களில் மனம் இன்னும் கனக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

சாட்ஸ்வர்த் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. பல்கலைக்கழகப் பயிற்சி நிலையங்களில் கட்டணம் குறைவு என்கிறார்களே, அங்கே தொடங்கலாமா? வாரம் ஒரு மாலை எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

உளவியல் பணியாளர்:
அங்கே பயிற்சி பெறுவோர் மேற்பார்வையின்கீழ் அக்கறையாகவே பார்ப்பார்கள். ஆனால் பயிற்சிக்காலம் முடிந்ததும் அவர்கள் மாறிச் செல்வது வழக்கம். பிரிவுக்கு முன்பே விலகிவிடும் உங்களுக்கு அது சிறிய விஷயமல்ல. எனவே தனியாகப் பணிபுரிபவரிடம் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பலர் சில இடங்களை அப்படி ஒதுக்கியிருப்பார்கள். பயிற்சி நிலையமே அமைந்தால், அவர் எந்த மாதம் வரை இருப்பார் என்பதை முதல் நாளே கேட்டறிந்து, அந்த முடிவைப் பற்றியும் அமர்வுகளில் பேசுங்கள். அம்மாவிடம் உளவியலாளரைப் பார்க்கப் போவதாக மட்டும் சொன்னால் போதும். உயிராபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உள்ளே பேசுவதை உங்கள் இசைவின்றிச் சிகிச்சையாளர் அவரிடம் சொல்ல முடியாது.