பள்ளியில் 'பழகும் பாடம்' வேண்டுமா? குமரி மாவட்டத்துக்காரர்கள் சொல்லுங்கள்

வேளிமலை:
2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை வாரம் ஒரு அறநெறி பீரியட் வேண்டும் என்றது. நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கேட்கிறேன். அறநெறி என்று வைக்காமல், மனுஷங்க எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையே பாடமாக வைத்தால் என்ன? கோபம் வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது, தனியாக இருக்கும்போது செய்யாததைக் கூட்டத்தில் ஏன் செய்கிறோம், கேலி செய்தால் எப்படிப் பதில் சொல்வது, மன்னிப்பு எப்படிக் கேட்பது. அரசுப் பள்ளிகளில் இதற்கு ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும்.

தக்கலை டீச்சர்:
அண்ணன், வேண்டாம். டைம்டேபிளில் நன்னெறி என்று ஒரு பீரியட் இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு சிலபஸ் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது அதுதான். அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை, யாருடைய பழக்கத்தை 'நல்ல பழக்கம்' என்று சொல்லிக்கொடுப்பீர்கள் என்பது. இந்த மண்ணில் மேலாடை போடாமல் நிற்பதுதான் மரியாதை என்று நாடார் பெண்களிடம் சொன்னார்கள். அதை மீறித் தோளை மூடும் துணியான தோள்சீலைக்காகப் போராடித்தான், மேலாடை அணியலாம் என்ற திருவிதாங்கூர் அரச அறிவிப்பு 1859-ல் வந்தது. அன்றைக்கு இப்படி ஒரு பாடம் இருந்திருந்தால் அதில் என்ன எழுதியிருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.

கடியபட்டணம்:
டீச்சர் சொல்வதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. கடற்கரைப் பிள்ளைகள் சத்தமாகப் பேசுவார்கள். அலைச் சத்தத்தில் அப்படித்தான் பேச முடியும். உள்நாட்டுப் பள்ளிக்குப் போனால் அதையே 'சண்டைக்கு வருகிறான்' என்கிறார்கள். என் தங்கை மகன் இதனாலேயே வகுப்பில் வாய் திறக்காமல் ஆகிவிட்டான். ஆனால் நான் வேளிமலை அண்ணன் பக்கம்தான். அவன் சத்தத்தைக் குறைக்கும் பாடம் வேண்டாம். அவன் பேசுவதைக் கேட்கிற முப்பது பிள்ளைகளுக்கும், முக்கியமாக ஆசிரியருக்கும், பாடம் வேண்டும்.

வேளிமலை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். படித்த மாவட்டம் என்று பெருமைப்படுகிறோம். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் நாம்தான் முதலிடம். 1982-ல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தபோதும் இது படிப்பில் முன்னணி மாவட்டம்தான். அந்தப் படிப்பு எதையும் தடுக்கவில்லையே! இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதியாக வாழ்கிற ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஒரு வதந்தி வந்தால் அதை எப்படிச் சோதிப்பது என்று எந்த வகுப்பில் படித்தோம்?

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 முதல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' நடத்தினார்கள். பரீட்சை கிடையாது. மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி, கதை, செயல்பாடு, பேச்சு, இவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் தொண்ணூறுகளிலேயே பத்து வாழ்க்கைத் திறன்களைச் சொன்னது. அதில் பிறர் நிலையைப் புரிந்துகொள்வதும், உணர்ச்சிகளைக் கையாள்வதும் உண்டு. ஒழுக்கத்தை உபதேசம் செய்வது வேறு, இது வேறு.

தக்கலை டீச்சர்:
வேறு என்று நீங்கள் சொல்கிறீர்கள். வகுப்பில் நடத்தும்போது உபதேசமாகத்தான் மாறும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. அதையும் மீறி ஊர்ப் பேரையும் அப்பா தொழிலையும் சொல்லித் திட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காலையில் அப்படித் திட்டிவிட்டு மதியம் போய் 'பிறர் மனதைப் புரிந்துகொள்வோம்' என்று நடத்தினால், பிள்ளை காலையில் கேட்டதைத்தான் மனதில் வைத்துக்கொள்ளும். முதலில் ஆசிரியர் பயிற்சியை மாற்றுங்கள். பெஞ்சில் கலந்து உட்கார வையுங்கள். பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள். கபடியில் தோற்றுவிட்டுக் கைகுலுக்கினால் அதுவே பெரிய பயிற்சி.

குழித்துறைக்காரர்:
டீச்சர், விளையாட்டில் சேர்க்காமல் ஓரமாக நிற்கிற பிள்ளைக்கு என்ன வழி? அவனுக்காக யாராவது ஒருவர் உட்கார்ந்து பேசத்தானே வேண்டும்? அதற்கு நேரம் ஒதுக்காவிட்டால் எந்த ஆசிரியருக்கும் அது வேலையாகத் தெரியாது.

தக்கலை டீச்சர்:
அந்தப் பிள்ளைக்காக என்றால் சரி, நேரம் ஒதுக்கலாம். அப்புறம் ஒன்று. மார்க் போடக் கூடாது. கிரேடு கூடாது. 'இவன் பழகத் தெரியாதவன்' என்று எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி ஏறக் கூடாது. ஏறினால் பெற்றோர் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து எதிர்ப்பேன்.

கடியபட்டணம்:
அந்தக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன் டீச்சர். ஆனால் பாடம் வேண்டும் என்று பேசவும்தான் வருவேன்.