மண்டபக் கூரைச் சூரிய மின்சாரம்: 20 கிலோவோட் வேண்டுமா, 5 போதுமா?

சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நமது மண்டபக் கூரையில் 20 கிலோவோட் சூரியத் தொகுதி ஒன்றைப் பொருத்தி, மின்சாரத்தை இலங்கை மின்சார சபைக்கு விற்று, அந்த வருமானத்தில் முன்பள்ளி ஆசிரியைகளின் சம்பளத்தையும் நூலகச் செலவையும் நிரந்தரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரொறன்ரோவிலிருந்து தம்பி எழுதிய மடலுக்குப் பலரும் ஆதரவு தெரிவித்திருக்கிறீர்கள். கடந்த மாதம் ஊரில் மூன்று கிழமை நின்றபோது மண்டபக் கூரையில் ஏறியும், அதன் மின்பட்டியல்களைப் புரட்டியும் பார்த்துவிட்டு வந்தவன் என்ற முறையில், நோக்கத்தோடு முழுதும் உடன்பட்டுக்கொண்டே, தொகுதியின் அளவையும் விற்பனைக் கணக்கையும் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தம்பி இணைத்திருந்த துண்டுப்பிரசுரத்தில் ஓர் அலகு (ஒரு கிலோவோட்-மணி) மின்சாரத்துக்குச் சபை தரும் விலை 37 ரூபா என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பின்னர் அந்த விலை உண்மையாகவே வழங்கப்பட்டது. இன்று புதிதாகக் கையெழுத்திடுபவர்களுக்கு அது கிடையாது. 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்ற சிங்களப் பெயரில் அரசு, கூரைகளின் சூரிய மின்சாரத்தை வாங்கும் இத்திட்டத்தைத் தொடக்கியபோது முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாவும், அடுத்த 13 ஆண்டுகளுக்கு 15 ரூபா 50 சதமும் என்று வாக்களித்தார்கள். பிறகு 37 வந்தது. 2024 நடுப்பகுதியில் ஏறத்தாழ 27 ஆயிற்று. 2025இல் அறிவித்த விலையோ 5 கிலோவோட் வரையான கூரைத் தொகுதிகளுக்கு 20.90, அதற்கு மேல் 20 வரை 19.61, அதற்கு மேல் 100 வரை 17.46 என்று அளவு கூடக் கூடக் குறைகிறது. கல்லாற்றில் இருக்கும் என் மைத்துனர் 2018இல் இணைந்தவர். அவருடைய ஏழாண்டு கடந்த வருடம் முடிந்ததால் இப்போது 15.50தான் பெறுகிறார். ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருந்தும், அந்தப் பட்டியல் வந்த மாதம் வீட்டில் பெரிய சச்சரவு.

இந்தக் கதை நம்மில் பலருக்குப் புதிதன்று. ஒன்ராறியோவில் 2009இல் சிறு கூரைத் தொகுதிகளுக்கு அலகுக்கு 80 சதத்துக்கு மேல் கொடுத்துத் தொடங்கிய திட்டம், விலை ஆண்டுக்காண்டு இறங்கி, 2017 முடிவில் மூடப்பட்டது. பிரித்தானியாவில் 2010 ஏப்ரலில் 41 பென்சுக்கு மேல் கிடைத்த கட்டணம் 2019 மார்ச்சோடு புதியவர்களுக்கு நின்றுபோனது. கூரையில் பொருத்தும் சூரியப் படல்களின் (பனல்களின்) விலை இறங்கும்போது கொள்விலையும் இறங்குவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. ஆகவே எந்த வருடத்துப் பிரசுரத்தை ஒருவர் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டே அவர் போடும் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நம் கரையோரத்தில் 1 கிலோவோட் படல் மாதத்துக்குச் சராசரியாக 115 அலகு தரும் என்று வைத்துக்கொண்டால், 20 கிலோவோட் 2,300 அலகு தரும். முழுவதையும் விற்றால் 37 ரூபா விலையில் 85,100 ரூபா, 2025இல் அறிவித்த 19.61இல் 45,103 ரூபா. தம்பியின் திட்டப்படி பாதிப் பணத்துக்கு வங்கிக் கடன் எடுத்தால், இந்த 45,103இல் கடன் தவணை போக ஆசிரியைகளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பொருளாளர்தான் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழி மாரியில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் இந்தச் சராசரியும் நிற்காது.

விலை ஏன் இறங்கியது என்பதற்குப் படல் மலிந்தது மட்டும் காரணமன்று. நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒன்றாக மின்சாரத்தைத் தள்ளுகின்றன. ஞாயிறு, விடுமுறை நாட்களில் அதை வாங்க ஆளில்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டது. நம்மூரில் மாங்காய் பறிக்கும் குரங்குக்கு அத்தனை வல்லமை உண்டென்று யாரும் நினைத்திருக்கமாட்டோம். தேவை குறைந்திருந்த அந்த முற்பகலில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்ததால், ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் நிலையில் வலையமைப்பு இருக்கவில்லை என்று மின்சார சபை விளக்கம் சொன்னது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் 3 மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களைச் சபை கேட்டுக்கொண்டது. பகலில் விற்பதை மட்டும் நம்பி நாம் ஒரு வரவு செலவுத் திட்டம் போட்டால், இப்படியான ஒன்பது நாட்களையும் அதில் எழுதத்தான் வேண்டும்.

இனி மண்டபத்துக்கு வருவோம். கடந்த ஆறு பட்டியல்களைப் பார்த்ததில் மாதம் ஏறத்தாழ 250 அலகு செலவாகிறது. முன்பள்ளியின் விசிறிகளும் தையல் வகுப்பின் இயந்திரங்களும் பகலில் ஓடுகின்றன. நூலகமும் மாலை வகுப்புகளும் இரவு 9 மணிவரை. இணைப்போ 30 அம்பியர் ஒற்றை பேஸ், அதாவது 7 கிலோவோட்டுக்குச் சற்றுக் குறைவு. 20 கிலோவோட் வேண்டுமென்றால் மூன்று பேஸ் இணைப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சந்தியிலுள்ள ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்பதையும் சபை பார்க்கும். அந்த ட்ரான்ஸ்போமரின் கீழ் ஏற்கெனவே நான்கு வீடுகளில் படல் மின்னுவதை நானே எண்ணினேன்.

ஆகவே என் முன்மொழிவு, 5 கிலோவோட் தொகுதி, கூடவே 10 அலகு கொள்ளும் பற்றரி. படல்கள் மாதம் 575 அலகு தரும். மண்டபத்தின் தேவை போக 325 மிஞ்சும். 5க்குள் இருப்பதால் 20.90 என்ற உயர்ந்த படியிலேயே நிற்போம். பற்றரியில் சேமித்து மாலை 6.30 முதல் 10.30 வரை அனுப்பும் மின்சாரத்துக்கு 45 ரூபா 80 சதம் தருவதாக 2025இல் அரசு அறிவித்தது. இரவுக்கு 10 அலகு வீதம் மாதம் 300 அலகு அனுப்பினால் 13,740 ரூபா. அதே 300ஐ நண்பகலில் கொடுத்தால் 6,270 ரூபா. பற்றரியின் விலையையும் ஆயுளையும் வைத்து மூன்று இடங்களில் விலைமனு கேட்டுத்தான் இறுதி முடிவுக்கு வரலாம் என்றாலும், அரசு இன்று எந்த நேரத்து மின்சாரத்துக்குப் பணம் கொடுக்க விரும்புகிறது என்பது இந்த இரண்டு தொகைகளிலும் தெரிகிறது.

பற்றரிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரண்ட் நின்றாலும் நமக்கு லைற் எரியும் என்று மடல்களில் சிலர் எழுதியிருந்தீர்கள். படல் தரும் மின்சாரத்தை நம் பாவனைக்கு ஏற்ப மாற்றித் தரும் சாதாரண இன்வேட்டர், வெளியே மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் இருந்தால்தான் மாரிகாலத்து இருட்டில் பிள்ளைகள் நூலகத்தில் இருந்து படிக்கலாம்.

சபையோடு கணக்கு வைக்கும் முறைகளில், நெட் மீற்றரிங்கில் மிச்சம் அடுத்த மாதக் கணக்கில் வரவாகுமே தவிரப் பணம் கிடையாது. நெட் பிளஸில் உற்பத்தி முழுவதும் சபைக்கு, நமது பாவனைக்குத் தனிப் பட்டியல். நமக்குப் பொருந்துவது செலவு போக மிச்சத்துக்குப் பணம் தரும் நெட் அக்கவுன்டிங். ஒப்பந்தம் 20 ஆண்டுகளுக்கானது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் வந்த திருத்தமும் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதால், மறுபக்கத்தில் கையெழுத்திடுவது யார், கடமைகள் யாருக்குக் கைமாறும் என்பதை நம்மிடையே உள்ள சட்டத்தரணிகள் ஒருமுறை வாசித்துச் சொன்னால் நல்லது.

பொருத்தும் வேலையைப் பற்றி ஓரிரண்டு சொல்ல வேண்டும். மைத்துனரின் கூரையில் ஒரு நிறுவனம் போட்ட ஆணிகளை விரலால் தொட்டேன். செம்மஞ்சள் நிறத்தில் பொருக்காக உதிர்ந்து விரலில் ஒட்டியது. கடலிலிருந்து அவர் வீடு அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. ஏழு வருட உப்புக்காற்று. நமது மண்டபம் அதைவிடக் கரைக்குக் கிட்ட. எனவே அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத உருக்கு ஆணி என்பவற்றை விலைமனுவிலேயே எழுதிக் கேட்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஓடுகள் பறந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருப்பதால், படல்களைத் தகரத்தில் மட்டும் இறுக்காமல் கீழுள்ள சலாகைகளோடு பிணைக்க வேண்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மேற்கு வரிசையில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு பக்கத்து வளவின் இரண்டு தென்னைகளின் நிழல் விழுகிறது. அவற்றை வெட்டச் சொல்லிக் கேட்பது முறையன்று. படல்களைக் கிழக்குப் பாதியில் வைத்தால் தேங்காய் விழும் பயமும் இல்லை. 5 கிலோவோட்டுக்கு அந்தப் பாதி தாராளம், 20க்குப் போதாது.

கோயில் கூரையிலும் செய்யலாமே என்று சூரிச்சிலிருந்து அக்கா கேட்டிருந்தார். 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமர் கொழும்பில் நின்றபோது, ஒரு காலத்தில் நிலக்கரி மின் நிலையம் வரவிருந்த சம்பூரில் 120 மெகாவோட் சூரிய நிலையப் பணிகளோடு, நாடெங்கும் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்கு இந்திய நன்கொடையில் மொத்தம் 25 மெகாவோட் கூரைத் தொகுதிகள் வழங்கும் திட்டமும் தொடக்கிவைக்கப்பட்டது. தலைக்கு 5 கிலோவோட். நம் அம்மன் கோயிலுக்கு அந்த வழி திறந்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் விசாரிப்பதாகக் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் என்னிடம் சொன்னார். வைகாசிச் சடங்கு நாட்களைத் தவிரக் கோயிலில் மின்செலவு சொற்பம் என்பதால், சங்கப் பணத்தை அங்கே போடுவதற்கு அவசரமில்லை.

மண்டபத்தின் கடந்த 12 மாதப் பட்டியல்களையும் இணைப்பின் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் செயலாளர் அனுப்பினால், விலைமனுக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். பட்டியலில் இன்னும் காலஞ்சென்ற முன்னாள் தலைவரின் பெயரே இருப்பதைக் கண்டேன். அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றாமல் எந்த விண்ணப்பமும் நகராது என்பதால், முதலில் அந்தக் காரியத்தைப் பார்ப்போம்.