மறு: ‘ருண்ட்லிங்’ வகை ஊருக்குத் தமிழ்ச் சொல் – ‘வளவூர்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

குடியிருப்பு நிலவியல் சொற்பட்டியலில் மற்ற ஜெர்மன் ஊர் வகைகளுக்குச் சண்டையில்லாமல் பெயர் கிடைத்துவிட்டது. தெரு நெடுக வீடுகள் வரிசையாக நின்றால் ‘தெருவூர்’, ஒழுங்கில்லாமல் குவிந்து கிடந்தால் ‘குவியலூர்’. பொதுவெளி ஒன்றைச் சுற்றி வீடுகள் வளைந்து நிற்கும் ருண்ட்லிங்கில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். நான் ‘வளவூர்’ என்கிறேன். அதற்கு முன், ஏற்கெனவே வந்த யோசனைகளைப் பற்றி.

> ‘வட்டக் கிராமம்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே. யாருக்கும் புரியும்.

ஐயா, புரியும், ஆனால் வேறு மாதிரி புரியும். ‘வட்டக் கிராமங்கள்’ என்று படித்ததும் தமிழ்நாட்டு வாசகருக்கு வட்டாட்சியர் அலுவலகமும் பட்டா மாறுதலும்தான் நினைவுக்கு வரும். அது போகட்டும், இந்த ஊர்கள் முழு வட்டமும் இல்லை. பெரும்பாலும் குதிரை லாட வடிவம். ஒரு பக்கம் திறந்திருக்கும். ஊருக்குள் போகவும் வரவும் முதலில் அந்த ஒரு வழிதான். அந்த வழிக்கு நேர் எதிரே, ஊரின் தலைமாட்டில், ‘ஷுல்ட்ஸே’ எனப்பட்ட ஊர்த்தலைவரின் பண்ணை. அவருக்கு மற்றவர்களைவிட அகலமான மனை. நடுவில் எல்லாருக்கும் பொதுவான வெளி. ஒவ்வொரு மனையும் அந்த வெளிப் பக்கம் குறுகியும் பின்னால் போகப்போக விரிந்தும், ஆப்பு வடிவில் இருக்கும்.

> எதிரிகளிடமிருந்து காத்துக்கொள்ளத்தானே வட்டமாகக் கட்டினார்கள்? ‘அரணூர்’ அல்லது ‘கோட்டையூர்’ பொருந்தும்.

கோட்டையூர் என்றால் செட்டிநாட்டுக்காரர்கள் நம்மை விடமாட்டார்கள். விளையாட்டு இருக்கட்டும். காவலுக்காக வளைத்துக் கட்டினார்கள் என்பது பழைய கதை, இன்று ஆய்வாளர்கள் அதை அவ்வளவாக ஏற்பதில்லை. இந்த ஊர்களைச் சுற்றி மதிலும் இல்லை, அகழியும் இல்லை. ஸ்லாவியர் தொன்றுதொட்டு இப்படித்தான் குடியிருந்தார்கள் என்று இன்னொரு கதை உண்டு. அது உண்மையானால் ஸ்லாவியர் நாடான போலந்து முழுக்க ருண்ட்லிங்குகள் இருக்க வேண்டும், இல்லையே.

இவை இன்றும் கூட்டமாக எஞ்சியிருப்பது வடக்கு ஜெர்மனியில், கீழ் சாக்சனி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், வெண்ட்லாண்ட் என்ற பகுதியில். லூஷோ என்ற சிறு நகரத்தைச் சுற்றி லூபெல்ன், சாட்டெமின் என்று பல. 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பிரபுக்களின் ஆட்சிக்குள் வந்தபோது ஸ்லாவிய உழவர்களை மனை அளந்து, திட்டமிட்டுக் குடியேற்றியதால் வந்த வடிவம் என்பதே இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதாவது பிரபுவின் திட்டமும் உழவரின் வழக்கமும் சேர்ந்து செய்தது. ‘அரண்’ என்று பெயர் வைத்தால் கைவிடப்பட்ட ஒரு கதையைக் கலைச்சொல்லுக்குள் பூட்டி வைத்ததாகிவிடும்.

அந்த உழவர்களின் பேச்சு போலாபியம் என்ற மேற்கு ஸ்லாவிய மொழி. வெண்டிய மொழி என்றும் சொல்வார்கள். சூட்டன் என்ற ஊரின் விவசாயியும் விடுதிக்காரருமான யோஹான் பாரும் ஷுல்ட்ஸே 1725-ஐ ஒட்டி ஒரு குறிப்பேடு எழுதினார். தானும் ஊரில் இன்னும் மூன்று பேரும் போய்விட்டால், நாயை வெண்டிய மொழியில் எப்படிச் சொல்வது என்று சரியாகத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்கிறார் அதில். மொழிக்கு இரங்கல் எழுத உட்கார்ந்தவர் கடவுளையோ தாயையோ விட்டுவிட்டு நாயைப் பிடித்தது எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் கணக்கு பெரிதாகத் தவறவில்லை. 1756-இல் ஒரு மூதாட்டியின் மரணத்தோடு அம்மொழி பேசுவோர் அற்றுப்போனதாகச் சொல்கிறார்கள். எஞ்சியது ஊர்ப் பெயர்களும் ஊரின் வடிவமும்.

> மொழிபெயர்க்கவே வேண்டாம். ‘ருண்ட்லிங்’ என்றே எழுதுவோம்.

முதல் முறை வரும்போது எழுதலாம், தவறில்லை. ஆனால் பாடநூலில் பிள்ளைகளுக்கு அந்த ஒலி எதையும் காட்டாது. ‘தெருவூர்’ என்றவுடன் ஒரு படம் வருகிறதல்லவா, அந்த உதவி இதற்கும் வேண்டும்.

சரி, ‘வளவூர்’. நெல்லைப் பக்கம் ‘வளவு’ என்றால் என்னவென்று அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரே வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் நடுவில் பொது முற்றம், அதைப் பார்த்தபடி சுற்றிலும் வீடுகள். உள்ளே யார் வந்தாலும் எல்லா வீட்டுக்கும் தெரியும். ருண்ட்லிங்கின் இலக்கணமும் அதேதான்: ஒரு வழி, பொது நடுவெளி, அதை நோக்கிய முகப்புகள். ‘வளை’ என்ற வேரும் உள்ளே இருப்பதால் வடிவமும் கூடவே வந்துவிடுகிறது. புணர்ச்சி பற்றிக் கேட்பவர்களுக்கு: கதவு + அடைப்பு, கதவடைப்பு ஆவது போல வளவு + ஊர், வளவூர்.

முகப்பு என்று சும்மா சொல்லவில்லை. சாட்டெமின் போன்ற ஊரில் நடுவெளியில் நின்றால் சுற்றிலும் முக்கோண முகப்புகள் தோளோடு தோள் உரச நம்மையே பார்த்து நிற்கும். கருத்த மரச்சட்டங்கள், இடையிடையே செங்கல் நிரப்பு. நடுவில் வைக்கோல் வண்டி அப்படியே உள்ளே போகும் அளவுக்கு இரட்டைக் கதவு. கதவுக்கு மேலுள்ள உத்தரத்தில் வீடு கட்டிய கணவன் மனைவி பெயர், ஆண்டு, வேதாகம வரி எல்லாம் செதுக்கியிருக்கும்.

பாகம் பிரிந்து பிரிந்து வீடுகள் இப்படி நெருங்கியதால் தீ விபத்து பெரிய எமன். கூரையோ வைக்கோல். 1850-இல் சாட்டெமின் எரிந்தது. மற்ற பல இடங்களில் தீக்குப் பிறகு வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியதில் பழைய வடிவம் கலைந்துபோனது. சாட்டெமின்காரர்கள் பழையபடி நடுவெளியைச் சுற்றியே கட்டினார்கள். இன்று படங்களில் நாம் பார்க்கும் வீடுகள் பெரும்பாலும் அப்போது எழுந்தவை. வீடு போய், ஊர்த்திட்டம் தங்கியது. அதனால்தான் பெயர் வீட்டைக் குறிக்காமல் அந்தப் பொதுவெளியைக் குறிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

இத்தனையும் தப்பியதற்கு வறுமையும் ஒரு காரணம். 1945-க்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் எல்லை வெண்ட்லாண்டை மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டது. தொழில் வரவில்லை, ஆட்கள் வெளியேறினார்கள், பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமும் இல்லை. அதே ஒதுக்குப்புறத்தில்தான் 1977-இல் கோர்லேபன் என்ற ஊரை அணுக்கழிவுக் கிடங்குக்குத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் விவசாயிகள் டிராக்டரோடு தெருவில் இறங்கினார்கள். பல ஆண்டுப் போராட்டம். கடைசியில் 2020-இல் கோர்லேபனின் உப்புப் படிவம் பொருத்தமற்றது என்று கிடங்குக்கான இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

> யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் ஒரு குடும்பத்தின் வேலி அடைத்த காணி. ‘வளவூர்’ எங்களுக்கு விநோதமாக ஒலிக்கிறது.

தோழி சொல்வதுதான் இதுவரை வந்ததில் கனமான மறுப்பு. செட்டிநாட்டிலும் வளவு என்றால் வீட்டின் உள்முற்றப் பகுதி, அங்கும் அது ஒரு குடும்பத்துக்கு உரியது. ஆனால் மூன்று வழக்கிலும் ‘எல்லை கட்டிய உள்வெளி’ என்ற பொருள் பொதுவாக இருக்கிறது. ஊர் என்ற பின்னொட்டு சேரும்போது தனியார் காணி என்ற நினைவு விலகும் என்றே நினைக்கிறேன். ‘மன்றூர்’ என்ற மாற்றும் பார்த்தேன். சங்ககால மன்றம் அழகுதான், ஆனால் இன்றைக்கு ரசிகர் மன்றமும் நீதிமன்றமும் குறுக்கே நிற்கின்றன. ‘மந்தையூர்’ நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் நீண்ட புல்வெளி உள்ள ‘ஆங்கர்’ வகை ஊருக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். அதற்கு ஒதுக்கி வைப்போம்.

இன்னொன்று பாக்கி. அந்தப் பெரிய கதவுக்குள் இருக்கும் ‘டீலே’ என்ற கூடத்துக்கு என்ன சொல்வது? வண்டி அங்கேதான் நிற்கும், கதிர் அங்கேதான் அடிப்பார்கள், இரு பக்கமும் மாடுகள் கூடத்தைப் பார்த்துத் தலை நீட்டிக்கொண்டிருக்கும், கோடியில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. ‘வீட்டுக்களம்’ என்று வரைவில் எழுதி வைத்திருக்கிறேன். ‘உள்களம்’ மேலா என்று இலக்கணக்காரர்கள் சொல்லட்டும். வளவூருக்கு மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், திங்கள் பட்டியல் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
பட்டியல் தொகுப்பாளர்