புட்டியில் டிமக்ஸ் கோடுகள் எக்ஸ், க்யூ ஆகின்றன; தமிழ்ப் பெயர்களும் உடைகின்றன

கேள்வி:
விண்டோஸிலிருந்து புட்டி (தொலைக் கணினியில் கட்டளை அடிக்க உதவும் நிரல்) வழியாக டெபியன் லினக்ஸ் சர்வர். டிமக்ஸில் (ஒரே டெர்மினலில் பல ஷெல்களைத் திறக்கும் நிரல்) திரையைப் பிரித்தால் செங்குத்துக் கோடு முழுக்க 'எக்ஸ்', கிடைக்கோடு முழுக்க 'க்யூ'. வெளியே வந்து எல்எஸ் (கோப்புப் பட்டியல் கட்டளை) அடித்தால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் 340, 256 என்று எண்களாக வருகின்றன. புட்டியின் டிரான்ஸ்லேஷன் பக்கத்தில் யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) தான் இருக்கிறது. எழுத்துரு மாற்றியும் பயனில்லை.

பதில் 1:
எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டுக்கும் காரணம் சர்வரின் லோக்கேல், அதாவது மொழி, எழுத்துமுறை அமைப்பு. 340, 256 (சிலவற்றில் 257) என்பவை யுடிஎஃப்-8 தமிழ் எழுத்துகளின் முதல் இரண்டு பைட்டுகள், எட்டடிமான (ஆக்டல்) எண்களில். பைட் சரியாகத்தான் இருக்கிறது. அதை எழுத்தாகப் பார்க்க எல்எஸ்ஸுக்குத் தெரியவில்லை. லோக்கேல் கமாண்டை அடித்தால் 'சி' அல்லது 'போசிக்ஸ்' என்று வரும். டிமக்ஸும் அதை நம்பி, பழைய விடி100 டெர்மினலின் முறையில் எழுத்துத் தொகுதியை மாற்றச் சொல்லிவிட்டு க்யூவையும் எக்ஸையும் அனுப்புகிறது. யுடிஎஃப்-8 நிலையில் புட்டி அந்த மாற்றத்தைப் பொருட்படுத்தாது.

கனெக்‌ஷனுக்குக் கீழே டேட்டா பக்கத்தில் 'லாங்' என்ற மாறியைப் பெரிய எழுத்தில் சேர்த்து, மதிப்பாக 'சி.யுடிஎஃப்-8' கொடுங்கள். பிறகு செஷன் பக்கத்துக்குத் திரும்பி சேவ் செய்யாவிட்டால் அடுத்த முறை இருக்காது. டெபியன் எஸ்எஸ்ஹெச் இதை இயல்பாகவே ஏற்கும். ஆனால் பாஷ்ஆர்சி கோப்பில் (ஷெல்லின் தொடக்க அமைப்புகள்) எல்சி_ஆல் என்ற லோக்கேல் மாறியை வைத்திருந்தால் அதுதான் வெல்லும், நீக்குங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் டிமக்ஸ் சர்வர் பழைய சூழலையே பிடித்திருக்கும். உள்ளே முக்கிய வேலை இல்லையென்றால் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். இருந்தால், விலகி, டிமக்ஸ் கட்டளையில் 'மைனஸ் யு' கொடுத்து மீண்டும் இணையுங்கள். கோடுகள் சரியாகும், உள்ளிருக்கும் ஷெல்கள் மட்டும் பழையபடியே.

பதில் 2:
டிரான்ஸ்லேஷன் பக்கத்தில், யுடிஎஃப்-8 நிலையிலும் விடி100 கோடுகளை அனுமதிக்கும் தேர்வு ஒன்று உண்டு. கோடு மட்டும் சரியாகும், தமிழ் ஆகாது. அதோடு, பைனரி கோப்பைத் தவறுதலாகக் கேட் கட்டளையால் திரையில் காட்டி, 14 என்ற பைட் வந்துவிட்டால் பிராம்ப்ட்டே கோடுகளாக மாறக்கூடும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் அடித்து என்டர் தட்ட வேண்டும். லோக்கேலைத் திருத்துவதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
கோடு சரி. எண்கள் போய்விட்டன, ஆனால் தமிழ் சில இடங்களில் கட்டமாகவும், 'கொ' சிதறியும் தெரிகிறது.

பதில் 1:
இப்போதுதான் எழுத்துருவின் முறை. கூரியர் நியூ, கன்சோலாஸ் இரண்டிலும் தமிழ் இல்லை. அப்பியரன்ஸ் பக்கத்தில் சம அகலமற்ற எழுத்துருக்களையும் அனுமதித்து நிர்மலா யுஐ தேர்ந்தெடுத்தால் கட்டம் போகும்; ஆங்கிலம் இடைவெளி விட்டு அசிங்கமாகும்.

'கொ' சிதறுவது வேறு. டெர்மினல் சம அகலக் கட்டங்களாக எண்ணி வரைவது. ஒகரக் குறியோ ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். பெயர் சரியா என்று பார்க்க, மவுஸால் தேர்ந்தெடுங்கள் (புட்டியில் அதுவே காப்பி), நோட்பேடில் ஒட்டுங்கள்.